கொடுத்த கையும் வாங்கிய கையும்

1981-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், போலந்தின் தென்மேற்கிலுள்ள விரோத்ஸ்வாவ் நகரில், 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கத்தின் வட்டாரப் பொருளாளர் யூசெப் பினியோரும் அவருடைய தோழர்கள் சிலரும் வங்கிக்குச் சென்றனர். சங்கத்தின் கணக்கிலிருந்து 8 கோடி ஸ்லோட்டியை முறைப்படி எடுத்துப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு வெளியே வந்தனர். பெட்டிகள் நேரே பேராயர் இல்லத்திற்குச் சென்றன. அங்கே பேராயர் ஹென்றிக் குல்பினோவிச் அப்பணத்தைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். பத்தே நாட்கள் கழித்து, டிசம்பர் 13-ஆம் நாள் விடிவதற்குள், படைத்தலைவர் யருசெல்ஸ்கியின் அரசு நாடெங்கும் இராணுவச் சட்டத்தை அறிவித்தது. சங்கத்தின் வங்கிக் கணக்குகள் யாவும் முடக்கப்பட்டன. எடுத்து வைக்கப்பட்ட அந்த 8 கோடி மட்டும் தப்பித்தது. அவ்வட்டாரத்தின் தலைமறைவு இயக்கம் உயிர்பிழைக்க அதுவே உதவிற்று.

அது தொழிலாளரின் சந்தாப் பணம். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் தம் ஊதியத்திலிருந்து கொடுத்த காசு. போலந்தின் விடுதலை வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் அமெரிக்க டாலரிலிருந்துதான் கதையைத் தொடங்குகின்றனர். டாலர்தான் பொதுவுடைமை ஆட்சியை வீழ்த்தியது என்று ஒரு சாரார் பெருமிதம் கொள்கின்றனர். அந்நியர் காசுக்கு ஆடிய கூத்து அது என்று மற்றொரு சாரார் இகழ்கின்றனர். இரு சாராருமே விரோத்ஸ்வாவ் நகரத்துப் பெட்டிகளை மறந்துவிடுகின்றனர். ஆகவேதான் அவற்றை முதலில் வைத்தேன்.

பேராயர் குல்பினோவிச் பற்றி ஒரு சொல். 1985-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்ட அவர், நெடுங்காலம் நாட்டின் வீரருள் ஒருவராகப் போற்றப்பட்டார். 2020-ஆம் ஆண்டு நவம்பரில், அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளை ஆராய்ந்த திருப்பீடம், பொது வழிபாடுகளில் பங்கேற்கவும் ஆயருக்குரிய அடையாளங்களை அணியவும் அவருக்குத் தடை விதித்தது. சில நாட்களிலேயே அவர் இறந்தார். பேராலயத்தில் அவருக்கு அடக்கச் சடங்கு நடைபெறவில்லை. பணத்தைக் காத்த கை என்பதற்காக மற்றவற்றைச் சொல்லாமல் விடுவது வரலாறு ஆகாது.

இனிச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் கிடான்ஸ்க் துறைமுக நகரின் லெனின் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிலாளர் தம் 21 கோரிக்கைகளை ஒட்டுப்பலகைகளில் எழுதி வாயிலில் தொங்கவிட்டனர். அப்பலகைகளை 2003-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றுள் முதலாவது, கட்சிக்குக் கட்டுப்படாத தொழிற்சங்கம் வேண்டும் என்பது. மற்றவற்றுள் பல ஊதியம், இறைச்சிப் பங்கீடு, குழந்தைக் காப்பகங்களில் இடம், சனிக்கிழமை ஓய்வு எனும் அன்றாடக் கவலைகள். எல்லாச் சமயத்தாரும் வானொலியையும் தொலைக்காட்சியையும் பயன்படுத்த இடம் வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அதன் பயனாக அவ்வாண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் முதல் ஞாயிறு திருப்பலி வானொலியில் ஒலிக்கத் தொடங்கியது. ஆகஸ்டு 31-ஆம் நாள் உடன்பாட்டில் லேக் வலேசா கையொப்பமிட்டபோது, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் படம் பொறித்த பெரியதொரு பேனாவைக் கையில் பிடித்திருந்ததை உலகமே படத்தில் கண்டது. ஓராண்டிற்குள் ஏறத்தாழ 1 கோடிப் பேர் அச்சங்கத்தில் சேர்ந்தனர். இவ்வளவும் வெளிநாட்டு நிதி ஒன்று பெயர்சொல்லும் அளவில் வந்து சேர்வதற்கு முன்பே நடந்துவிட்டன.

முதலில் வந்த அயல்நாட்டுப் பணம் அரசாங்கத்தினுடையதும் அன்று. அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான ஏ.எஃப்.எல்.–சி.ஐ.ஓ.வின் தலைவர் லேன் கிர்க்லாந்து, 1980 செப்டம்பரில் போலந்துத் தொழிலாளர் உதவி நிதி ஒன்றை நிறுவினார். தொடக்கத் தொகை 25,000 டாலர். இதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டிய அமெரிக்க அரசு கலங்கியது என்பதுதான் விந்தை. வெளியுறவு அமைச்சர் எட்மண்ட் மஸ்கி கிர்க்லாந்தை அழைத்து, இவ்வுதவியைச் சோவியத் ஒன்றியம் திரித்துக் கூறிப் படை அனுப்பக் காரணமாக்கிக்கொள்ளக்கூடும் என எச்சரித்தார். மஸ்கியின் தந்தை போலந்திலிருந்து குடியேறியவர், மஸ்கியும் கத்தோலிக்கர். போலந்தின்மேல் பற்றில்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. கிர்க்லாந்து எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டார், நிதியை நிறுத்தவில்லை. தொழிலாளி தொழிலாளிக்கு உதவுவதற்கு அரசின் அனுமதி எதற்கு என்பது அவர் வழக்கு. இருவரில் எவர் சரி என்று இன்று தீர்ப்புச் சொல்வது எளிது. 1956-இல் புடாபெஸ்ட் நகரிலும் 1968-இல் பிராக் நகரிலும் சோவியத் பீரங்கி வண்டிகள் நுழைந்ததைக் கண்ட தலைமுறைக்கு அது எளிதாக இருக்கவில்லை.

இராணுவச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 10,000 பேர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டனர். டிசம்பர் 16-ஆம் நாள் வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் காவற்படை சுட்டதில் ஒன்பது சுரங்கத் தொழிலாளர் மாண்டனர். வேலை இழந்தவர், கணவர் சிறையிலிருக்கக் குழந்தைகளோடு தவித்த பெண்கள், மருந்தின்றி வாடிய முதியோர் எனத் துன்புற்றோர் அனைவரும் சென்று நின்ற இடம் பங்கு ஆலயம். வார்சா நகரின் பழைய பகுதியில் புனித மார்ட்டின் ஆலயத்தை அடுத்த துறவற இல்லத்தில், பேராயர் யூசெப் கிளெம்ப்பின் ஆதரவில், சிறைப்பட்டோருக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் உதவும் குழு ஒன்று அம்மாதமே தொடங்கப்பட்டது. அயல்நாடுகளிலிருந்து வந்த உணவும் உடையும் மருந்தும் அங்கிருந்து பங்கிடப்பட்டன. அருகிலிருந்த மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த பொதிகளுக்குக் கணக்கில்லை. போலந்துக்கு அனுப்பும் பொதிகளுக்கு 1982-இல் சில மாதங்கள் அஞ்சல் கட்டணமே வேண்டாம் என்று அந்நாட்டு அரசு விலக்களித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் போலந்தைச் சூறையாடிய நாட்டின் இல்லத்தரசிகள் மாவும் சர்க்கரையும் காப்பித்தூளும் கட்டி அனுப்பினார்கள். எந்த அறக்கட்டளையின் ஆண்டறிக்கையிலும் இடம்பெறாத உதவி இது. அவ்விரு மக்களும் மனம் ஒன்றியதில் இப்பொதிகளுக்குப் பெரும் பங்குண்டு என்பது என் கருத்து.

இவ்வுதவிக்கும் விலை இருந்தது. 1983 மே 3-ஆம் நாள், சீருடை அணியாத ஆட்கள் அத்துறவற இல்லத்திற்குள் புகுந்து, அங்குத் தொண்டாற்றியவர்களை அடித்து நொறுக்கினர். அத்தொண்டர்களுள் ஒருவர் கவிஞர் பார்பரா சடோவ்ஸ்கா. ஒன்பது நாட்கள் கழித்து அவருடைய ஒரே மகன் கிரெகோஷ் பிஷெமிக், பள்ளியிறுதித் தேர்வு எழுதிய மகிழ்ச்சியில் நண்பர்களோடு வெளியே சென்றபோது காவலர் பிடித்துச் சென்று அடித்தனர். மே 14-ஆம் நாள் அவன் இறந்தான். வயது 18.

அருள்தந்தை யெர்சி பொப்பியெவூஷ்கோவை நம் வாசகர்கள் அறிவர். வார்சா எஃகு ஆலைத் தொழிலாளரின் ஆன்ம வழிகாட்டியாகிய அவர், புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்த்கா ஆலயத்தில் மாதந்தோறும் தாய்நாட்டுக்காகத் திருப்பலி நிறைவேற்றி வந்தார். அவ்வாலயத்தில் வெளிநாட்டு மருந்துகளும் உடைகளும் பங்கிடப்பட்டதையும் அவரே முன்னின்று கவனித்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவருக்குச் சொந்தமாகச் சிறு குடியிருப்பு ஒன்று இருந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த உறவினர் ஒருவர் வாங்கித் தந்தது. 1983 டிசம்பரில் காவல்துறை அதைச் சோதனையிட்டுத் துண்டறிக்கைகளையும் வெடிமருந்தையும் 'கண்டெடுத்தது'. எல்லாம் அவர்களே கொண்டுபோய் வைத்தவை. ஏழைக் குருவுக்கு வீடு எங்கிருந்து வந்தது என்று அரசு சார்பு ஏடுகள் ஏளனத்தோடு வினவின. அடுத்த ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் அவர் கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். உள்துறை அமைச்சகத்தின் அலுவலர் நால்வர் அக்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர். 2010 ஜூன் 6-ஆம் நாள் திருச்சபை அவரை அருளாளர் என அறிவித்தது. ஒருவரைக் கொல்வதற்கு முன் அவர்மீது 'அந்நியப் பணம்' என்ற சேற்றை வாரி இறைப்பது ஆட்சியாளர்களுக்குக் கைவந்த கலை.

திருச்சபை வெளிப்படையாக, சட்டத்திற்கு உட்பட்டு, வெளிநாட்டு நிதியைக் கொண்டுவர எடுத்த பெருமுயற்சி ஒன்றும் உண்டு. போலந்தில் நிலத்தின் பெரும்பகுதி அப்போதும் சிறு உழவர்களின் கையிலேயே இருந்தது. மேலை நாடுகளிடமிருந்து பெரும் நிதி திரட்டி, ஆயர் பேரவையின் பொறுப்பில் ஓர் அறக்கட்டளை அமைத்து, அவ்வுழவர்களுக்குக் கருவிகளும் இடுபொருள்களும் வழங்கலாம் என்று 1982 முதல் பேச்சு நடந்தது. 1983-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற வலேசா, பரிசுத் தொகையை அந்நிதிக்கே அளிப்பதாக அறிவித்தார். நாட்டை விட்டுச் சென்றால் திரும்ப விடமாட்டார்களோ என்று அஞ்சி அவர் ஆஸ்லோவுக்குச் செல்லவில்லை. மனைவி டனூட்டாவே சென்று பரிசைப் பெற்றார். நான்கு ஆண்டுகள் பேச்சு நீண்டது. பணம் வருவதை அரசு எதிர்க்கவில்லை. தன் கண்காணிப்புக்கு அப்பால் அது செலவிடப்படுவதைத்தான் பொறுக்க இயலவில்லை. 1986 செப்டம்பரில் கர்தினால் கிளெம்ப் முயற்சியைக் கைவிட்டார். வெளிச்சத்தில் வந்த பணத்திற்கு வாயில் அடைக்கப்பட்டது. இருளில் வந்த பணமோ வந்துகொண்டே இருந்தது.

அந்த இருளின் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், மாணவர் அமைப்புகள், எழுத்தாளர் மாநாடுகள், இலக்கிய இதழ்கள் ஆகியவற்றுக்கு அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. மறைமுகமாகப் பணம் கொடுத்து வந்தது. 1967-இல் 'ராம்பார்ட்ஸ்' என்னும் இதழ் இதனை அம்பலமாக்கியபோது, வாங்கியவர்களுள் பலர் தாம் யாருடைய பணத்தில் இயங்கினோம் என்பதை அப்போதுதான் அறிந்து தலைகுனிந்தனர். அதன்பின், கொடுப்பதாயின் வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1982 ஜூன் 7-ஆம் நாள் அதிபர் ரீகன் வத்திக்கானில் திருத்தந்தையைச் சந்தித்தார். மறுநாள் இலண்டனில் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே உரையாற்றி, உலகெங்கும் மக்களாட்சியின் அடித்தளங்களாகிய இதழ்களையும் சங்கங்களையும் கட்சிகளையும் வளர்க்க உதவ வேண்டும் என்றார். அதன் விளைவாக 1983-இல் பிறந்ததே 'நேஷனல் எண்டோமெண்ட் ஃபார் டெமாக்ரசி' எனும் தேசிய மக்களாட்சி அறக்கட்டளை. பணம் நாடாளுமன்றம் ஒதுக்குவது. முதல் ஆண்டில் 1.8 கோடி டாலர். செலவிடுவது அரசுத்துறை அன்று, தனி நிர்வாகக் குழு. இரு கட்சிகளுக்கும் வணிகர் சங்கத்திற்கும் தொழிற்சங்கத்திற்கும் என நான்கு கிளை நிறுவனங்கள். யாருக்கு எவ்வளவு என்பது அக்காலத்தில் ஆண்டறிக்கையில் அச்சாயிற்று. தனியார் என்று சொல்ல முடியாத, அரசு என்றும் சொல்ல முடியாத அமைப்பு அது. அதன் வலிமையும் ஐயத்திற்கு இடமான தன்மையும் இந்த ஓரிடத்திலிருந்தே வருகின்றன.

போலந்துக்குப் பணம் சென்ற வழி தொழிற்சங்கக் கிளையின் வழி. அறக்கட்டளை தர, அமெரிக்கச் சங்கக் கூட்டமைப்பு பெற்று, பெல்ஜிய நாட்டுப் பிரசல்ஸ் நகரில் இருந்த சாலிடாரிட்டியின் வெளிநாட்டு ஒருங்கிணைப்பு அலுவலகத்திற்கு அனுப்பும். இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டபோது வெளிநாட்டில் இருந்து, தாயகம் திரும்ப இயலாமற்போன இயற்பியலாளர் யெர்சி மிலெவ்ஸ்கி, 1982 முதல் அவ்வலுவலகத்தை நடத்தினார். பிரசல்ஸ் நகரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உலகத் தொழிற்சங்கப் பேரமைப்புகள் இரண்டின் தலைமையகங்களும் அங்கேயே இருந்தன. ஒன்று சமயச் சார்பற்றது. மற்றொன்று, திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலைபற்றி விடுத்த சுற்றுமடலின் தூண்டுதலால் எழுந்த கிறித்தவத் தொழிற்சங்கங்களின் வழிவந்தது. 1986-இல் சாலிடாரிட்டி ஒரே வேளையில் இரண்டிலும் உறுப்பாயிற்று. ஒரு கொடையாளரின் செல்லப்பிள்ளை ஆகிவிடாமல் பலரிடமும் உறவு வைத்துக்கொண்ட அந்த முன்னறிவைப் பாராட்ட வேண்டும். சுவீடன், பிரான்சு, இத்தாலி நாட்டுச் சங்கங்களும் உதவின.

பணம் எப்பொருளாக மாறியது? பெரும்பாலும் அச்சுப்பொறிகளாகவும் மையாகவும் காகிதமாகவும். நிவாரணப் பொருள் ஏற்றிய சரக்கு வண்டிகளில் நகலெடுக்கும் பொறிகள் மறைத்துக் கொண்டுவரப்பட்டன. 1986 நவம்பரில் சுவீடனிலிருந்து வந்த ஒரு வண்டி துறைமுகத்தில் பிடிபட்டது; அதற்குமுன் பிடிபடாமல் வந்தவை பல. வார்சா நகரில் 'திகோத்னிக் மசோவ்ஷே' என்ற தலைமறைவு வார ஏடு, 1982 முதல் 1989 வரை பல்லாயிரம் படிகள் வெளிவந்தது. அதை நடத்தியவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். காவல்துறை ஆண்களையே தேடிக்கொண்டிருந்தது! ஆயினும் எல்லாம் வெளிநாட்டுப் பொறிகளால் நடந்ததாக எண்ணவேண்டா. மரச்சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, கடையில் கிடைத்த சலவைப் பசையோடு நிறமியைக் குழைத்து மையாக்கி, இரவெல்லாம் கையால் தேய்த்து அச்சிட்ட வீடுகள் ஏராளம். பிடிபட்டால் சிறை. அந்தச் சலவைப் பசைக்கு எந்த அயல்நாடும் பணம் தரவில்லை.

தொகையைப் பார்ப்போம். 1984 முதல் 1989 வரை இவ்வறக்கட்டளை வழியே போலந்து எதிர்ப்பியக்கத்திற்குச் சென்றது ஏறத்தாழ 1 கோடி டாலர் என்று, இவ்வரலாற்றை ஆவணங்களின் துணையோடு எழுதிய கிரெகரி டோம்பர் கணக்கிடுகிறார். சங்கத்தின் உறுப்பினரும் ஏறத்தாழ 1 கோடி. ஆளுக்கு ஒரு டாலர்! அமெரிக்க நாடாளுமன்றம் 1987-இல் சாலிடாரிட்டியின் பெயரைச் சொல்லியே 10 இலட்சம் டாலர் ஒதுக்கியது. இவற்றுக்கு அப்பால் சி.ஐ.ஏ.வும் தனியே உதவிற்று என்பது பின்னர் வெளிவந்தது. 1982 இறுதியில் ரீகன் ஒப்புதலளித்த அந்த மறைவான திட்டத்திற்கு ஆன செலவு மொத்தம் 2 கோடி டாலரை எட்டவில்லை என்று 2018-இல் வெளிவந்த சேத் ஜோன்ஸின் நூல் கூறுகிறது. வாங்கியவர்களுள் பெரும்பாலோர் மூலத்தை அறியார்.

இங்கேதான் என் மனம் உறுத்துகிறது. வார்சாவில் அடுக்குமாடி வீடொன்றில் நள்ளிரவில் மை பூசிக்கொண்டிருந்த இளம்பெண், பிடிபட்டால் சிறை செல்லப்போவது தான்தான் என்று அறிவாள். எதற்காகச் செல்கிறோம் என்பதையும் அறிவாள். காகிதம் வாங்கிய பணம் எங்கோ ஓர் உளவுத்துறை மேசையிலிருந்து வந்தது என்பதை மட்டும் அவளிடம் எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்திருப்பாளா? மறுத்திருக்கமாட்டாள் என்று கொடுத்தவர் தாமே முடிவு செய்துகொண்டனர். 1967-இல் தலைகுனிந்த எழுத்தாளர்களுக்கும் இதே முடிவுதான் செய்யப்பட்டிருந்தது. நோக்கம் நல்லது என்பதால் மட்டும் இது நேராகிவிடாது.

கணக்கு மறைந்திருக்கும் இடத்தில் வதந்தி முளைக்கும். 1982 ஜூனில் இலண்டன் பாலம் ஒன்றின் அடியில் பிணமாகத் தொங்கிய இத்தாலிய வங்கியாளர் ரொபெர்த்தோ கால்வி, வத்திக்கானோடு தொடர்புள்ள தம் வங்கியின் பணம் போலந்துக்குச் சென்றதாகச் சொல்லியிருந்தார். அது இன்றுவரை நிறுவப்படவில்லை, மறைந்துபோகவும் இல்லை. 1992 பிப்ரவரியில் அமெரிக்க 'டைம்' வார இதழ், ரீகனும் திருத்தந்தையும் போலந்தை விடுவிக்கப் புனிதக் கூட்டணி அமைத்ததாக அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. இருதரப்பும் செய்திகளைப் பகிர்ந்துகொண்டது உண்மை. எனினும் கூட்டணி என்பது மிகைச்சொல். திருத்தந்தையின் வழி வேறாக இருந்தது. அவர் மும்முறை, 1979, 1983, 1987 ஆகிய ஆண்டுகளில், பொதுவுடைமை ஆட்சியின் கீழிருந்த தம் தாயகத்திற்குச் சென்றார். மூன்றாம் முறை கிடான்ஸ்கில், அரசு தடைசெய்திருந்த சங்கத்தின் பெயரான அச்சொல்லையே எடுத்து, ஒருவர் சுமையை ஒருவர் தாங்குதல் எனும் திருத்தூதர் பவுலின் போதனையோடு இணைத்து மறையுரை ஆற்றினார். அதற்கு எந்த நிதியும் தேவைப்படவில்லை.

அரசுத் தரப்பிலும் நகைச்சுவைக்குக் குறைவில்லை. 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்திற்குப் பின் போலந்துக் குழந்தைகளுக்குப் பால்மாவு தர அமெரிக்கா முன்வந்தது. அரசின் செய்தித் தொடர்பாளர் யெர்சி உர்பான், நியூயார்க் தெருக்களில் உறங்கும் வீடற்றோருக்குப் போலந்து போர்வைகளும் உறங்கு பைகளும் அனுப்பும் என்று பதிலிறுத்தார். குத்தலுக்குச் சொன்னதுதான். ஆனாலும் கொடுப்பவர் எப்போதும் மேல், வாங்குபவர் எப்போதும் கீழ் என்ற மயக்கத்தை அது ஒரு நொடி உடைத்தது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

இதே அறக்கட்டளையின் பணம் எங்கும் இப்படியே நன்மை செய்ததா? பனாமா நாட்டில் 1984-இல் நடைபெற்ற தேர்தலில், இதன் தொழிற்சங்கக் கிளை வழியே சென்ற பணம், படைத்தலைவர்களின் ஆதரவு பெற்ற வேட்பாளர் அர்திதோ பார்லெத்தாவுக்கு உதவும் வகையில் செலவிடப்பட்டது. அமெரிக்கத் தூதரே அதனைக் கண்டித்தார். அங்கும் அதே கொடையாளர், அதே கிளை, அதே ஆண்டு. பனாமாவில் பணம் ஒருவரை நாற்காலியில் அமர்த்தத் தேடிச் சென்றது. போலந்திலோ அது சென்று சேருமுன்பே 1 கோடி மக்கள் தம் சந்தாவால் கட்டிய இல்லம் நின்றது. விருந்தினராக வந்த பணம் வீட்டுக்காரர் சொன்ன இடத்தில் அமர்ந்தது. எதை வாங்குவது, எவரிடம் கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் போலந்துக்காரர்களே முடிவு செய்தனர்.

1989 பிப்ரவரி 6 முதல் ஏப்ரல் 5 வரை வட்டமேசைப் பேச்சு. ஜூன் 4-ஆம் நாள் தேர்தல். மேலவையின் 100 இடங்களில் 99 சாலிடாரிட்டியின் வேட்பாளர்களுக்குக் கிடைத்தன. ஆகஸ்டு மாதம், 'வியென்ஸ்' என்ற கத்தோலிக்க மாத இதழின் ஆசிரியராக இருந்த ததேயுஷ் மசோவியெட்ஸ்கி தலைமை அமைச்சரானார். நவம்பர் 15-ஆம் நாள் வலேசா அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றினார்.

அதற்குப் பின் நடந்தது கிடான்ஸ்க் தொழிலாளி எதிர்பாராதது. 1990 ஜனவரி 1 முதல் சந்தைப் பொருளாதாரச் சீர்திருத்தம் ஒரே பாய்ச்சலில் நடைமுறைக்கு வந்தது. விலைகள் ஏறின; நட்டத்தில் ஓடிய ஆலைகள் மூடப்பட்டன; 1993-இல் வேலையின்மை 16 விழுக்காட்டைத் தொட்டது. 1996-இல், எல்லாம் தொடங்கிய அந்தக் கப்பல் தளமே நொடித்துப்போனதாக அறிவிக்கப்பட்டது. 21 கோரிக்கைகளில் பேச்சுரிமை கிடைத்தது, வேலை போயிற்று. நாடு பிற்காலத்தில் செழித்தது உண்மையே. ஆனால் இரவில் காகிதம் சுமந்தவருள் பலர் அச்செழிப்பைக் காணுமுன் முதுமை எய்தினர். கொடையாளரின் அறிக்கைகளில் 'வெற்றி' என்ற தலைப்பின்கீழ் போலந்து இன்றும் முதலிடம் பெறுகிறது. அவ்வறிக்கைகளில் வேலையிழந்த வெல்டருக்கு இடமில்லை. 1991-இல் திருத்தந்தை வெளியிட்ட சுற்றுமடல், 1989-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுக்கெனத் தனி இயலே ஒதுக்கி மகிழ்ந்தாலும், பொதுவுடைமையின் வீழ்ச்சியை முதலாளியத்தின் வெற்றியாகக் கொண்டாட இசையவில்லை.

இன்று போலந்து கொடுக்கும் நாடு. 1990-இல் 24 கோடி டாலர் அமெரிக்க முதலீட்டில் தொடங்கிய நிறுவன நிதியம் இலாபம் ஈட்டி, அம்முதலீட்டில் பாதியை அமெரிக்கக் கருவூலத்திற்குத் திருப்பித் தந்தது. மீதி ஓர் அறக்கட்டளையாகி, கிழக்கே அண்டை நாடுகளிலிருந்து வரும் இளைஞரைப் பயிற்றுவிக்கிறது. 2007-இல் பெலாரஸ் மக்களுக்காக 'பெல்சாட்' தொலைக்காட்சியைப் போலந்து தொடங்கியது. போலந்து முன்மொழிந்த ஐரோப்பிய மக்களாட்சி அறக்கட்டளை 2013-இல் பிரசல்ஸில், மிலெவ்ஸ்கி அலுவலகம் இருந்த அதே நகரில், பணி தொடங்கியது. பழைய கொடையாளர் நிலையோ மாறிற்று. 2025 ஜனவரி 20-ஆம் நாள் அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைக்க ஆணையிட்டார். சில வாரங்களில் தேசிய மக்களாட்சி அறக்கட்டளைக்கும் நிதி தடைபட, மார்ச்சில் அது தன் சொந்த அரசின்மீதே வழக்குத் தொடுத்தது. அந்நாட்டின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டு ஜூலை 1-ஆம் நாளோடு தன் பணியை முடித்துக்கொண்டது. சலவைப் பசையில் மை குழைத்தவர்களைப் போலன்றி, அயல்நாட்டு நிதியையே உயிர்மூச்சாகக் கொண்டிருந்த பல நாட்டு அமைப்புகள் ஒரு கையெழுத்தில் கதவடைக்க நேர்ந்தது.

கொடுக்கும் நாடான போலந்து செய்த ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும். பெலாரஸ் நாட்டின் அலெஸ் பியாலியாட்ஸ்கி, 'வியாஸ்னா' என்னும் மனித உரிமை அமைப்பை நிறுவியவர். அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்கு உதவியவர். வார்சா நகரில் புனித மார்ட்டின் ஆலயத்துக் குழு செய்த அதே பணி. தம் நாட்டில் அவ்வமைப்பின் பெயரில் கணக்குத் தொடங்க அரசு இடந்தராததால், வெளிநாட்டு உதவியை லித்துவேனியாவிலும் போலந்திலும் தம் பெயரில் இருந்த வங்கிக் கணக்குகளில் பெற்றார். 2011-இல் பெலாரஸ் அரசு வரி விசாரணை என்ற பெயரில் விவரம் கேட்க, சட்ட உதவி உடன்படிக்கையின்படி அவ்விரு நாடுகளின் அலுவலர்களும் அக்கணக்கு விவரங்களை எடுத்துக் கொடுத்துவிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் கைது செய்யப்பட்டார். நவம்பரில் நான்கரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அது தம் வருமானம் அன்று, மனித உரிமைப் பணிக்கு வந்த நிதி என்று அவர் எடுத்துரைத்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. வார்சாவில் அயலுறவு அமைச்சர் ராதோஸ்லாவ் சிகோர்ஸ்கி மன்னிப்புக் கேட்டார். பியாலியாட்ஸ்கி 2014 ஜூனில் விடுதலையானார். 2021-இல் மீண்டும் பிடிபட்டார். 2022-இல் நோபல் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டபோது சிறையில் இருந்தார். வலேசாவுக்காக டனூட்டா சென்றதைப் போலவே, அவருக்காகவும் ஆஸ்லோவுக்கு மனைவியே சென்றார்.